பெய்ஷென் வாயைத் திறந்தார்

நாய் கொழுத்துப் போனதில்தான் விஷயம் வெளியே வந்தது.

மலைச் சிற்றூரான கொச்கோரில் பெய்ஷெனின் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, முட்டை அளவில் ஒரு கேமரா இருந்தது. மனைவி இறந்த அடுத்த குளிர்காலத்தில் பிரஷர் ஏறி அவர் கதவோரம் மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டு உல்கான் பால் கொடுக்க வந்திருக்காவிட்டால் அன்றைக்கே ஆள் போயிருப்பார். அதைக் கேள்விப்பட்டதும் மகன் திலேக், கொரியாவில் இன்ச்சோன் நகரத்தில் தொழிற்சாலை வேலையில் இருப்பவன், அந்தக் கேமராவை வாங்கி ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். போன், கேமரா, இணையம் என்று மின்சாரத்தில் ஓடும் எதற்கும் அவன்தான் பொறுப்பு. மூத்தவள் சாய்கல் மாஸ்கோவில் துணிப் பார்சல் கிடங்கில் இருந்தாள். தினமும் காலையில் பிரஷர் பார்த்து, அந்த எண்ணைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியாக வேண்டும். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதை அவள் வீடியோவில் பார்த்தாக வேண்டும். இளையவள் ஜிபெக் இஸ்தான்புல்லில் தையல் பட்டறையில் இருந்தாள். வீட்டில் மாவோ எண்ணெயோ கறியோ தீரப் போகிறது என்றால் அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கடைத்தெருக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போடுவாள். சாயங்காலத்துக்குள் சாமான் வாசலில் இருக்கும்.

பெய்ஷென் ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டார். "பனிப்புயல்ல டோலோன் கணவாய் மேல லாரி ஓட்டின ஆளு நான். எனக்குக் காவலா?" என்று கேமராவின் மேல் தன் தொப்பியை மாட்டிவைத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று நாட்டிலிருந்தும் மாறி மாறிப் போன் வந்தது. பிறகு பழகிவிட்டது; பழகப் பழகப் பிடித்தும் போயிற்று. காலையில் தேநீர் ஊற்றும்போதே கேமராவை நிமிர்ந்து பார்த்து, "எந்திரிச்சாச்சு. உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

உருளைக்கிழங்கு தோண்டும் பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் போனில் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஜிபெக் திடீரென்று கேட்டாள்:

"அத்தா, பொய்னாக் ஏன் இப்படிப் பெருத்துப் போயிருக்கு? குட்டி போடப் போகுதா?"

"அது ஆம்பள நாயி, கண்ணு."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

பெய்ஷென் மீசையைத் தடவினார். திலேக் சிரித்தான். ஜிபெக் விடுவதாக இல்லை.

"வாரா வாரம் ஆட்டுக்கறி அனுப்பச் சொல்றேன். நீங்களும் வேக வைக்கறீங்க, தட்டுல போடறீங்க. எல்லாம் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சூப்பை மட்டும் குடிச்சிட்டு, தட்டோட வாசலுக்குப் போறீங்க. திரும்பி வரும்போது தட்டு காலி. பின்னாடியே நாய் நாக்கச் சுழட்டிக்கிட்டு வருது."

"வயசாச்சு. கறி செரிக்க மாட்டேங்குது."

சாய்கல் மெதுவாகச் சொன்னாள்: "அத்தா, போனைப் பாத்து 'ஈ'ன்னு சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

"ஊ" என்றார் பெய்ஷென்.

அந்த 'ஊ'வில் குட்டு உடைந்துவிட்டது. மேல்வரிசையில் முன்பற்கள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாகத் தானாகவே ஆடி, ரொட்டியில் ஒன்று, ஆப்பிளில் ஒன்று என்று விடைபெற்றுக்கொண்டன. மிச்சமிருந்த கடைவாய்ப் பல் ஒன்று குளிர்காற்று பட்டாலே விண்ணென்று தெறித்தது. மீசையை நீளமாக விட்டு, உதட்டை அதிகம் அசைக்காமல் பேசக் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் வேறு விதமாக நினைத்திருந்தார்கள்.

"அம்மா போன துக்கத்துலதான் சரியா பேசறதில்ல, சிரிக்கறதில்லன்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம்" என்றான் திலேக். "ராத்திரி ராத்திரி இதைப் பத்தியே பேசியிருக்கோம், அத்தா. கடைசில பல்லா?"

"துக்கமும்தான்" என்றார் பெய்ஷென் கொஞ்சம் ரோஷமாக. "பல்லும்தான்."

கடைத்தெருவுக்குப் பின்னால் மீரிம் என்ற டாக்டரம்மா புதிதாகப் பல் ஆஸ்பத்திரி போட்டிருப்பதை ஜிபெக் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். வியாழக்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டாள். பெய்ஷென் போவதாகச் சத்தியம் செய்தார். பிள்ளைகள் மனம் நிறைந்து போனை வைத்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. பல் ஆஸ்பத்திரியின் நீலக் கதவு. அதன்முன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பெய்ஷென். கீழே குரல் செய்தி: "வந்தாச்சு. உள்ள போறேன்." ஜிபெக் பூக்களாகப் போட்டு நிரப்பினாள்.

அன்று சாயங்காலம் திலேக் கூப்பிட்டான். வழக்கத்துக்கு மாறாக ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"வைத்தியம் எப்படி இருந்துச்சு, அத்தா?"

"பரவால்ல. நல்ல பொண்ணு. கை லேசு."

"ஓஹோ. லக்மான் எப்படி இருந்துச்சு?"

"எந்த லக்மான்?"

"பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில நூடுல்ஸ் போட்டுத் தருவாங்களே, அந்த லக்மான். உங்க போன்ல நான் ஒரு வசதி போட்டு வச்சிருக்கேன். நீங்க எங்க இருக்கீங்களோ அங்க எனக்கு வரைபடத்துல ஒரு நீலப்புள்ளி தெரியும். இன்னிக்குப் புள்ளி டாக்டர் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் என்னத்தைக் கண்டு பயந்துச்சோ, நேரா லக்மான் கடைக்கு ஓடிருச்சு. அங்கதான் மதியம் பூரா உக்காந்திருந்துச்சு."

"லாரிக்காரன் மகனா நீ, இல்ல போலீஸ்காரன் மகனா?"

"லாரிக்காரன் மகன். அடுத்த வியாழன் மறுபடி நேரம் வாங்கியாச்சு."

அந்த வாரம் முழுவதும் பெய்ஷென் அந்த நீலப்புள்ளியைப் பற்றியே யோசித்தார். கோபம் ஒன்றும் இல்லை. தான் எங்கே போனாலும் தன்னோடு ஒருத்தன் நடந்து வருகிறான் என்பது உள்ளூர இதமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த நீலக் கதவை நினைத்தால் கால் தானாக வேறு பக்கம் திரும்பியது. யோசித்து யோசித்து, புதன்கிழமை உல்கான் பால் கொண்டுவந்தபோது வழி பிறந்தது. நாளைக்குப் பால் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடும், பல் டாக்டரிடம் போகணும், ஒரு தங்கப்பல் ஆடுது என்று அவள் தானாகவே சொன்னாள்.

உல்கான் பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்; ஆனாலும் பெய்ஷெனை மரியாதையாக 'பைக்கே', அண்ணே, என்றுதான் கூப்பிடுவாள். சிரித்தால் வாயெல்லாம் தங்கம் மின்னும். கணவன் இல்லை, மகன் பிஷ்கெக்கில்.

"உல்கான், ஒரு உபகாரம்" என்றார் பெய்ஷென். "நாளைக்கு எனக்குக் கால்வாயில தூர் வார்ற வேலை இருக்கு. போன் தண்ணில விழுந்து தொலைஞ்சிரும். திரும்பி வர்ற வரைக்கும் உன் பையில இருக்கட்டுமே."

"வீட்டுல வச்சிட்டுப் போறது, பைக்கே?"

"வீட்டுல... எலி கடிக்குது."

உல்கான் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அடிச்சா எடுக்காதே" என்று சொல்லி அனுப்பினார் பெய்ஷென்.

வியாழக்கிழமை மதியம் நீலப்புள்ளி நல்ல பிள்ளையாகப் பல் ஆஸ்பத்திரிக்குள் போய் உட்கார்ந்தது. பெய்ஷென் கடைத்தெருவுக்குப் பக்கத்துப் பூங்காவில், பாப்ளார் மரத்தடியில், பழைய சகா குபாத்தோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். வெயில் இதமாக இருந்தது. குபாத்தின் ராணி சாகக் கிடந்தது. வாழ்க்கையில் குறை என்று ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் மரங்களுக்கு நடுவே உல்கான் வருவது தெரிந்தது. தலைத்துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. மரத்துப்போன கன்னம் ஒன்று தொங்கியது. முழங்கையை நீட்டி, நாறும் மீனைத் தூக்கி வருவதுபோலப் போனைத் தூக்கி வந்தாள். போனுக்குள் மூன்று கட்டங்களில் மூன்று முகங்கள்.

"இந்தாங்க, உங்க பல்லு!" என்று சதுரங்கப் பலகை மேலேயே வைத்தாள். குபாத்தின் ராணி உருண்டு விழுந்தது.

"என்ன ஆச்சு, உல்கான்?"

"என்ன ஆச்சா? நான் அங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கிடக்கேன். பைக்குள்ள இது கத்துது கத்துது, நிக்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா கையில ஊசிய வச்சிக்கிட்டு, 'இதை யாராச்சும் அடக்குங்களேன்'ங்கறா. நர்சுப் பொண்ணு எடுத்து அமுக்கிட்டா. அமுக்கினவ சும்மா இருக்கக் கூடாதா? 'பேஷன்ட் இங்கதான் இருக்காங்க, பாருங்க'ன்னு என் வாய்க்கு நேரா புடிச்சிட்டா!"

உதடு மரத்திருந்ததால் 'பேஷன்ட்' என்பது 'பேஃபன்ட்' என்று வந்தது. அவள் கவலைப்படவில்லை.

போனுக்குள்ளிருந்து திலேக் மூச்சுத் திணறிக்கொண்டு சொன்னான்: "திரை பூரா தங்கம், அத்தா! இவருக்கு எப்ப தங்கப்பல் வந்துச்சுன்னு ஆடிப்போயிட்டேன். நாங்க அனுப்பின பணமெல்லாம் பல்லு கட்டத்தான் போயிருக்குன்னு நெனச்சேன்."

"எனக்கு உதட்டுச் சாயம்தான் முதல்ல தெரிஞ்சுது" என்றாள் ஜிபெக். அவளுக்குப் பின்னால் பட்டறைப் பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அத்தா இந்த வயசுல இப்படி மாறிட்டாரேன்னு..."

"எலி கடிக்குதாம்ல, எலி!" என்றாள் உல்கான்.

குபாத் ராணியைத் தூக்கி, கொஞ்சமும் வெட்கமில்லாமல், அதற்கு வசதியான வேறு கட்டத்தில் வைத்தார். "பேசி முடிச்சிட்டு ஆடு, அவசரமில்ல" என்றார்.

பெய்ஷென் காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், உல்கானே கடைசியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். ஒரு கட்டத்தில் இருந்த சாய்கல் மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளே தனியாகக் கூப்பிட்டாள். பெய்ஷென் அடுப்பில் கரி போட்டுக்கொண்டே, திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"அத்தா, அவ்வளவு பயமா?"

அவர் அடுப்புக் கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரிடமும், மனைவியிடம்கூட, சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, கூட்டுப்பண்ணைக்கு ஒரு பல் டாக்டர் வருவாரு. கழுதை மேல பெட்டி கட்டிக்கிட்டு. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு மிஷின். தையல் மிஷின் மாதிரி காலால மிதிக்கணும். மிதிச்சா மேல துளைக்கிற ஊசி சுத்தும். ஊசி மருந்தெல்லாம் கிடையாது. வாத்தியாருங்க ரெண்டு பேரு என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. டாக்டர் பாவம், அவருக்கும் கால் வலி. மிதிக்கிறாரு, நிறுத்துறாரு, மறுபடி மிதிக்கிறாரு..."

"ஐயோ. அப்புறம்?"

"கடிச்சிட்டேன்."

"யாரை?"

"டாக்டர் விரலை. விடவே இல்ல. அவரு கத்துறாரு, வாத்தியாருங்க கத்துறாங்க, கழுதை கத்துது. அப்புறம் ஓடிப்போயி வைக்கோல் போர்ல புகுந்துக்கிட்டேன். இருட்டின பிறகுதான் வெளிய வந்தேன். அன்னிக்குச் சொன்னேன், இனிமே செத்தாலும் அந்த நாற்காலில உக்கார மாட்டேன்னு."

சாய்கல் வாய்விட்டுச் சிரித்தாள். பாதியில் சிரிப்பு சட்டென்று அறுந்தது. கண் ஒரு நொடி சுருங்கியது. உடனே தேநீர்க் கோப்பையை எடுத்து, பிஸ்கட்டை நனைத்து நனைத்து, இடது பக்கமாக மென்றாள்.

பெய்ஷென் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார். இப்போதுதான் தெரிந்தது, அவள் முகத்தின் ஒரு பாதிதான் திரையில் இருந்தது. போன வாரமும் அப்படித்தான். அதற்கு முந்தின வாரமும். இந்த வித்தையை இரண்டு வருஷம் செய்தவருக்கு இது பிடிபடாமல் போகுமா?

"போனை நேரா புடி."

"வெளிச்சம் சரியில்ல, அத்தா."

"சாய்கல். நேரா புடி."

அவள் பிடித்தாள். வலது கன்னம் பன்ரொட்டி போல வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். வலி மாத்திரை போட்டா அடங்கிடுது."

"எவ்வளவு மாத்திரை போடற ஒரு நாளைக்கு?"

அவள் இன்னொரு பிஸ்கட்டை நனைத்தாள். பெய்ஷெனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "என் வாய்க்குள்ள மாத்திரை போறத தினம் நின்னு பாக்கற. உன் வாயப் பாக்க அங்க யாரு இருக்கா? டாக்டர்கிட்ட ஏன் போகல? லீவு தர மாட்டேங்கறானா?"

"லீவு தருவான்."

"பின்ன?"

சாய்கல் கோப்பையைப் பார்த்தாள். நாற்பதை நெருங்கும் பெண். கிடங்கில் நாற்பது பேரை மேய்ப்பவள். சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் பயம்தான். யாரு மக நான்?"

பெய்ஷென் திகைத்துப்போனார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பை மறைக்க மீசைக்குக் கை போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"சரி, ஒண்ணு செய்வோம்" என்றார். "நீ அங்க நாற்காலில உக்காரு. நான் இங்க உக்கார்றேன். ஒரே நேரத்துல. போனைத் திறந்து வச்சிக்குவோம். ஓடறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து ஓடுவோம்."

"நெஜமாவா? உல்கான் அக்காகிட்ட போனைக் குடுக்க மாட்டீங்களே?"

"குடுத்தாலும் அவ இனிமே வாங்க மாட்டா."

மற்ற ஏற்பாடுகளை இளையவர்கள் இரண்டு பேரும் செய்தார்கள். மாஸ்கோவில் நம்மூர் ஆள் நடத்தும் பல் ஆஸ்பத்திரியை ஜிபெக் தேடிப் பிடித்தாள். ஊரில் தாலாஸ் பக்கத்துக்காரர், பெயர் எர்மெக். இரண்டு ஊர் நேரத்தையும் திலேக் பொருத்தினான். பெய்ஷென் வீட்டு வாசலுக்கு ஜிபெக் இஸ்தான்புல்லிலிருந்தபடியே டாக்சி அனுப்பினாள். லக்மான் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பவே கூடாது என்று ஓட்டுநருக்கு உத்தரவு. அவன் அதைப் பெய்ஷெனிடமே சொல்லிச் சிரித்தான்.

மீரிம் டாக்டரம்மா எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பெண். அறையில் எங்கும் கால்மிதி மிஷின் இல்லை என்பதைப் பெய்ஷென் உள்ளே நுழைந்ததும் நாற்காலியடி வரை குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்தார். நர்சுப் பெண் போனை விளக்குத் தண்டில் ரப்பர் போட்டுக் கட்டினாள். திரையில், மாஸ்கோவில், அதே மாதிரி வெள்ளை நாற்காலியில் சாய்கல் சாய்ந்திருந்தாள். மேல் ஓரத்தில் திலேக், தலையில் தொழிற்சாலை ஹெல்மெட்டோடு. கீழ் ஓரத்தில் ஜிபெக், தையல் மிஷின் சத்தத்தோடு.

"தயாரா, அத்தா?"

"நீ தயாரா?"

"இல்ல."

"நானும்தான்."

இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். இரண்டு டாக்டர்களும் குனியும்போது ஒருவரையொருவர் திரையில் பார்த்துக்கொண்டார்கள்.

"வணக்கம் பைக்கே, நீங்க எந்த ஊரு?" என்றாள் மீரிம்.

"தாலாஸ் பக்கம். நீங்க கொச்கோரேதானா?"

"அம்மா வழி தாலாஸ்தான். பகாய்-அத்தா கிராமம்."

"அட! எங்க பெரியம்மா பொண்ணை பகாய்-அத்தாவுலதான் குடுத்திருக்கு. அங்க யாரு வீடு?"

"அங்க வந்து, பெரிய பாலத்தைத் தாண்டினா..."

"முதல்ல வாயப் பாருங்க!" என்று இஸ்தான்புல்லிலிருந்து ஜிபெக் கத்தினாள். "சொந்தம் அப்புறம் கொண்டாடலாம்! ரெண்டு பேரும் வாயத் திறந்தபடியே இருக்காங்க!"

ஊசி ஈறில் இறங்கியபோது பெய்ஷென் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அடுத்தது வரப்போகிறது, அடுத்தது வரப்போகிறது என்று காத்திருந்தார், வரவில்லை. கன்னம் மெல்லத் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. இதற்காகவா அறுபது வருஷம்?

ஆனால் திரையில் சாய்கலின் கண்கள் அகல விரிந்திருந்தன. அங்கே துளைக்கும் மிஷின் சுற்ற ஆரம்பித்திருந்தது. அந்தக் கண்ணைப் பெய்ஷெனுக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் லாரியில் அவரோடு கணவாய்க்கு வரும்போது, வளைவுக்கு வளைவு, கீழே பள்ளம் தெரியும்போதெல்லாம் இப்படித்தான் விரியும். அப்போது அவர் ஒன்று செய்வார். என்ஜின் சத்தத்தோடு தானும் சேர்ந்து உறுமுவார்; மேடு ஏற ஏற உறுமலும் ஏறும்; உச்சிக்குப் போனதும் பெருமூச்சு விட்டு இறங்குவார். அவளும் சேர்ந்து உறுமுவாள். உறுமுகிறவளுக்குப் பயப்பட நேரம் இருக்காது.

வாய் திறந்திருந்தது, உள்ளே கண்ணாடியும் குழாயும் இருந்தன, பேச வழியில்லை. தொண்டையிலிருந்து உறுமினார்.

"ஆஆஆஅஅஅ..."

"வலிக்குதா?" என்று மீரிம் பதறிக் கையை எடுத்தாள்.

இல்லை என்று விரலை ஆட்டிவிட்டு, கியர் மாற்றி, இன்னும் உரக்க உறுமினார். மாஸ்கோவில் சாய்கலின் கண்கள் ஒரு கணம் குழம்பின. பிறகு சுருங்கின, மின்னின. அவள் தொண்டையிலிருந்தும் அதே சத்தம் கிளம்பியது. "ஆஆஆஅஅஅ..." இருவரும் சேர்ந்து மேட்டில் ஏறினார்கள். துளைக்கும் மிஷினின் சத்தம் அந்த உறுமலில் அமுங்கிப்போயிற்று.

"இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் எர்மெக் டாக்டர்.

"லாரி ஓட்டறாங்க" என்றான் திலேக். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "விடுங்க டாக்டர், உச்சிக்குப் போனா தானா நிக்கும்."

நின்றது. மீரிம் கிண்ணத்தில் எதையோ டங்கென்று போட்டாள். பெய்ஷென் எட்டிப் பார்த்தார். பிடுங்கிவிட்டாள்! எப்போது பிடுங்கினாள்? அவருக்குத் தெரியவே இல்லை. அங்கே சாய்கல் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். இருவரும் கோணல் வாயோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு டாக்டர்களும் விட்ட இடத்திலிருந்து, பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் வீடு என்று பேசத் தொடங்கினார்கள். கடைசியில் தூரத்துச் சொந்தம் என்றே முடிவாயிற்று.

ஈறு ஆறியதும் அளவெடுத்தார்கள். பல்செட்டு முதல் பனிக்குள் வந்து சேர்ந்தது. போட்ட அன்றைக்கு வாய்க்குள் யாரோ குடிவந்த மாதிரி இருந்தது. பேசினால் விசில் அடித்தது. சாய்கலின் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஒரு தனி விசில், அவள் அதைக் கேட்பதற்காகவே, "என்ன சொன்னீங்க? கேக்கல, மறுபடி கூப்பிடுங்க" என்று கூப்பிட வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் ரொட்டி ஓரம், பிறகு ஆப்பிள், பிறகு கறி. ஒவ்வொன்றும் மூன்று நாடுகளிலும் நேரலையில் பார்க்கப்பட்டது. மாஸ்கோவில் வீக்கம் வடிந்தது. அவள் மிச்சப் பற்களையும் பார்த்துக்கொள்ளப் போகிறாளா என்று பெய்ஷென் வாரா வாரம் எர்மெக் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சொந்தக்காரர் ஆயிற்றே.

பனி நன்றாக விழுந்த பிறகு உல்கானின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பிஷ்கெக்கிலிருந்து மணப்பெண்ணைக் கூட்டி வந்து, உல்கான் வீட்டில் விருந்து. கூடத்தில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. கறி வெந்து, பெரிய தட்டுகளில் ஆவி பறக்க வந்து இறங்கியது. உணவுக்கு முன் மூத்தவர் ஒருவர் கையேந்தி ஆசி சொல்ல வேண்டும். தெருவிலேயே மூத்தவர் பெய்ஷென்தான். ஆனால் இந்த இரண்டு வருஷமாக யார் வீட்டு விருந்திலும் அவர் கதவுப் பக்கமாக உட்கார்ந்து, தொண்டை கட்டியிருக்கிறது என்று குபாத்தைக் கைகாட்டிவிடுவார். குபாத் அன்றும் பழக்கத்தில் தொண்டையைச் செருமி, கையை விரிக்கப் போனார்.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் பெய்ஷென்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உல்கானிடம் நீட்டினார். "பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் குடு. அவங்களும் கேக்கட்டும்."

"இதை நான் தொடவே மாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல, பைக்கே?" என்றாள் உல்கான். ஆனால் வாங்கிக்கொண்டாள். மூன்று முகங்களும் வந்ததும் போனைக் கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

பெய்ஷென் இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தினார். புதுக் குடித்தனம் தழைக்க வேண்டும், அடுப்பு அணையக் கூடாது, ஆடு மாடு பெருக வேண்டும், பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வழக்கமாக அவ்வளவோடு முடிந்துவிடும். அவர் முடிக்கவில்லை. பிறக்கும் பிள்ளைகள் தூரதேசம் போனாலும் வழி தெரிந்து வர வேண்டும் என்றார். போன இடத்தில் அவர்களுக்கு நல்ல டாக்டர் கிடைக்க வேண்டும், முதலாளி மனிதனாக இருக்க வேண்டும், அறையில் சூடு இருக்க வேண்டும், இணையம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்றார். கொரியாவின் தொழிற்சாலைகளுக்கும், இஸ்தான்புல்லின் தையல்காரிகளுக்கும், மாஸ்கோவின் பார்சல்களுக்கும் தனித்தனியாக நல்லது கேட்டார். இரண்டு வருஷமாக உதட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பேச்செல்லாம் வரிசையாக வெளியே வந்தது. நடுநடுவே கொஞ்சம் விசிலும் அடித்தது. மணப்பெண் தலை குனிந்து சிரிப்பை அடக்கினாள். கறியின் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"பைக்கே, கொழுப்பு உறையுது" என்றாள் உல்கான் காதோரமாக. தூக்கிப் பிடித்து அவள் கை கடுத்திருந்தது.

"...எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடற நாளும் வரணும். ஓமின்!" என்றார் பெய்ஷென்.

"ஓமின்!" என்று கூடம் முழுக்க முகத்தின்மேல் கைகளைத் தடவி இறக்கியது. போனுக்குள், இன்ச்சோனில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு திலேக் தடவினான். விரலில் நூல் சுற்றியபடி ஜிபெக் தடவினாள். சாய்கல் இரண்டு கன்னங்களும் சமமாகத் தெரியும்படி, போனை நேராக வைத்துவிட்டு, மெதுவாகத் தடவினாள்.

"ரொம்ப நல்லாயிருந்துச்சு, அத்தா" என்றாள். "ஷிஃப்டு ஆரம்பிச்சாச்சு. ஓடறேன்."

பெய்ஷென் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். முட்டியில் கைக்குட்டையை விரித்து, பெரிய எலும்பாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.